மீனைத் தின்னும் பேனுக்குப் பேரிடர்ப் பட்டியலில் இடமில்லை

அந்தமானில் குட்வில் எஸ்டேட் என்றொரு சிற்றூர் உண்டு. பெயரைத் தமிழாக்கினால் ‘நல்லெண்ணத் தோட்டம்’ என்று வரும். யாருடைய நல்லெண்ணம், யாருடைய தோட்டம் என்பதைப் பெயர் சொல்வதில்லை. தண்டனைக் கைதிகளைக் கொண்டு காடு திருத்தி, பின்னர் ராஞ்சிப் பகுதியிலிருந்து கூலிகளையும், பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளையும், பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வெளியேற்றப்பட்ட தமிழரையும் கொண்டுவந்து குடியேற்றிய தீவுக்கூட்டம் அது. ‘எஸ்டேட்’ என்ற பின்னொட்டு அந்த வரலாற்றின் எச்சம். சுற்றுலாத் துண்டறிக்கைகளில் இடம்பெறாத இத்தகைய சிற்றூர்களில் நெல்வயல், தென்னை, பாக்கு, கொஞ்சம் காய்கறி, அவற்றோடு ஒரு குட்டை என்று பல குடும்பங்களின் பிழைப்பு ஓடுகிறது. அந்தக் குட்டையில் வளர்பவை கட்லா, ரோகு, மிர்கால். மூன்றுமே தீவுகளுக்குச் சொந்தமானவை அல்ல. குடியேறியவர்களைப் போலவே பெருநிலத்திலிருந்து வந்தவை.

ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் இடத்தில் நீருக்கு என்ன குறை என்று தில்லியில் அமர்ந்து கேட்கலாம். மே நடுவில் தொடங்கும் மழை டிசம்பர் வரை நீள்கிறது. ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் கைவிரித்துவிடும். சரிவு செங்குத்தானது, ஓடைகள் குறுகியவை, பெய்த நீர் சில மணி நேரத்தில் கடலைச் சேர்ந்துவிடுகிறது. வடக்கு அந்தமானின் கல்போங் ஆற்றைத் தவிர்த்தால் சொல்லிக்கொள்ளும்படியான ஆறு அரிது. தலைநகருக்கே கோடையில் குழாய்நீர் அளந்துதான் வருகிறது. போர்ட் பிளேர் என்ற பெயரை 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்ற முடிந்தவர்களால் குழாயில் நீரை வரவைக்க முடியவில்லை.

இந்த நான்கு மாதத்தில் குட்டைக்குள் நடப்பது என்ன? நீர் சுருங்குகிறது. மீன்களின் எண்ணிக்கை அப்படியே இருக்க, அவை புழங்கும் இடம் பாதியாகிறது, பிறகு கால்வாசியாகிறது. வெப்பம் ஏறிய நீரில் உயிர்வளி நிற்காது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள தூய நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 32 டிகிரியில் அது 7.3 ஆகக் குறைகிறது. வெப்பம் ஏற ஏற மீனின் தேவையோ கூடுகிறது. மூச்சுத்திணறும் மீன் நோயை எதிர்க்கும் ஆற்றலை இழக்கிறது. அந்த வேளையைப் பார்த்துத்தான் ஒட்டுண்ணி வருகிறது.

‘ஒட்டுண்ணி’ என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒரு குறிப்பு தேவைப்படுகிறது. லெனின் தமது ‘ஏகாதிபத்தியம்’ நூலின் எட்டாம் அத்தியாயத்தை முதலாளித்துவத்தின் ஒட்டுண்ணித்தன்மை பற்றியே எழுதினார். அதன் பிறகு இடதுசாரி ஏடுகள் இச்சொல்லை உருவகமாக எடுத்தாண்டு எடுத்தாண்டு, அது உயிருள்ள ஒரு பிராணியையும் குறிக்கும் என்பதே வாசகருக்கு மறந்துபோயிருக்கக் கூடும். இக்கட்டுரையில் ஒட்டுண்ணி என்றால் ஒட்டுண்ணிதான். செவுளிலும் செதிலிலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் பிராணி. கட்டுரையில் வேறு வகை ஒட்டுண்ணிகள் தென்பட்டால் அவற்றை வாசகரே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

கெண்டை வளர்ப்போர் நன்கறிந்தது மீன் பேன். அறிவியலார் ஆர்குலஸ் என்பர். பேன் என்று பெயரே தவிர இது நண்டு, இறால்களின் உறவு. சில மில்லிமீட்டர் அகலத்தில், தட்டையாக, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடல். இரு உறிஞ்சு வட்டுகள். தோலைத் துளைக்க ஓர் ஊசி. பெண் பேன் முட்டையிடும் காலத்தில் மீனைவிட்டு இறங்கி, கல்லிலோ மூங்கிலிலோ வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்டிவைக்கும். அம்முட்டை பொரிக்கும் காலத்தைத் தீர்மானிப்பது நீரின் வெப்பம். 15 டிகிரியில் ஏறத்தாழ இரண்டு மாதம் பிடிப்பது, 35 டிகிரியில் ஏறத்தாழ பத்து நாளில் முடிந்துவிடுகிறது. அதாவது, குளிர்ந்த நீரில் ஒரு தலைமுறை தோன்றும் காலத்துக்குள் வெந்நீராய்க் கொதிக்கும் குட்டையில் தலைமுறைகள் சில கடந்துவிடும். கடிபட்ட மீன் கரையோரக் கல்லில் உடலைத் தேய்க்கும், செதில் உதிரும், புண்ணாகும், அந்தப் புண் வழியே பாக்டீரியாவும் பூசணமும் நுழையும். இந்தியக் கெண்டைக் குளங்களில் மீன் பேனால் ஏற்படும் இழப்பு ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 29,500 ரூபாய் அளவில் இருக்கும் என்று பத்தாண்டுகளுக்கு முன்பே ஆய்வாளர் கணித்துள்ளனர். குட்டைக்காரரின் ஓராண்டு உழைப்பில் இலாபம் என்று மிஞ்சுவதை இத்தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பேன் குடிப்பது யாருடைய இரத்தம் என்பது விளங்கும்.

பிறகு மழை வருகிறது. பெருமழை ஒட்டுண்ணிகளை அடித்துச்சென்றுவிடும் என்பது ஓரளவுக்கு உண்மை. நீந்தித் திரியும் இளம் பருவங்கள் வெள்ளத்தில் சிதறித்தான் போகின்றன. ஆனால் வெள்ளம் வரப்பை மதிப்பதில்லை. ஒரு குளத்தின் நோயுற்ற மீனை அடுத்த குளத்தில் கொண்டுபோய் விடுகிறது. தட்டைப்புழுக்களைச் சுமக்கும் நத்தைகளை வயலெங்கும் பரப்புகிறது. மனிதக் கழிவையும் கால்நடைக் கழிவையும் நீர்நிலையில் சேர்க்கிறது. தாய்லாந்தின் வடகிழக்கிலும் லாவோஸிலும் பச்சை மீன் உண்பவரின் பித்தநாளத்தில் குடியேறிப் புற்றுநோயை உண்டாக்கும் கல்லீரல் புழு, மனிதக் கழிவிலிருந்து நத்தைக்கும் நத்தையிலிருந்து கெண்டை இன மீனுக்கும் நீர்வழியேதான் போகிறது. மீனை நன்கு வேகவைத்து உண்ணும் தமிழ்நாட்டு, அந்தமான் வீடுகளுக்கு அந்த அச்சம் வேண்டியதில்லை. கழிப்பறையும் வடிகாலும் இல்லாத இடத்தில் மீனின் நோயும் மனிதரின் நோயும் ஒரே நீரில் பயணம் செய்கின்றன என்பது மட்டும் எங்கும் பொருந்தும்.

வெப்பம் கூடினால் எல்லா ஒட்டுண்ணிகளும் பெருகும் என்று பொதுமைப்படுத்துவதும் தவறு. அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியில் பிடிக்கப்பட்டு 1880 முதல் அருங்காட்சியகப் புட்டிகளில் சேமிக்கப்பட்ட மீன்களை அறுத்து ஆராய்ந்து 2023இல் வெளியிடப்பட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. வாழ்க்கைச் சுழற்சியை முடிக்க மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட உயிரினங்களை நம்பியிருக்கும் ஒட்டுண்ணிகள், கடல்நீர் ஒரு டிகிரி வெப்பமடைந்தபோது 38 விழுக்காடு குறைந்துபோயின. சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தாலும் அவற்றால் வாழ முடியாது. ஒரே மீனை நம்பி, நெரிசலில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் மீன் பேன், செவுள் புழு போன்றவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அது கடல், இது குட்டை. எனினும் காடும் பறவையும் நத்தையும் நிறைந்த ஓடையில் வாழ்ந்தவை அழிய, அடைத்து வளர்க்கும் குளத்தில் பிழைப்பவை செழிக்கும் என்ற ஊகத்துக்கு இடம் இருக்கிறது.

இதற்கெல்லாம் இந்தியாவில் கண்கூடான சான்று இல்லையா? இருக்கிறது, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. அஃபனோமைசஸ் இன்வேடன்ஸ் என்னும் ஒட்டுண்ணி நீர்ப்பூசணம் உண்டாக்கும் புண் நோய் 1970களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் தலைகாட்டி, தென்கிழக்கு ஆசியாவைக் கடந்து, 1987-88இல் இலங்கையிலும் 1988இல் வங்கதேசத்திலும் நுழைந்தது. அதே ஆண்டு பெருவெள்ளத்தின் பின்னே அசாம், திரிபுரா, மேகாலயா, மேற்கு வங்கம் என்று இந்தியாவில் புகுந்தது. இதன் வித்துகள் இரு சாட்டைமயிர்களால் நீந்திச்சென்று மீனின் தோலில் சிறு காயம் தேடும். தோலைத் துளைத்துத் தசைக்குள் இழைகளாய்ப் படர்ந்து, விராலின் தலையையும் கெண்டையின் விலாவையும் எலும்பு தெரிய அரித்துவிடும். பெருமழைக்குப் பின் நீர் குளிரும் வாரங்களே இதற்குரிய பருவம்: குளிர்ந்த நீரில் மீனின் எதிர்ப்பாற்றல் மந்தமாகும், பூசணமோ அவ்வெப்பநிலையில் நிதானமாக வளரும். வயல்களிலிருந்து வழியும் அமிலநீர் மீன் தோலைக் கருக்கிக் கதவைத் திறந்துவிடுகிறது. 2006-07இல் பெருமழைக்குப் பின் ஆப்பிரிக்காவின் ஜாம்பேசி ஆற்றிலும் இதே கதைதான்.

1991இல் நோய் கேரளத்தின் குட்டநாட்டை அடைந்தது. கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் நிலம். மண்ணே அமில இயல்புடையது. பூச்சிமருந்து கரைந்த வயல்நீர் முழுதும் காயலில்தான் வடியும். உப்பு இந்த நீர்ப்பூசணத்துக்கு ஆகாது. ஆனால் கடலின் உப்புநீர் உள்ளே வராமல் தடுக்கவே 1970களில் தண்ணீர்முக்கம் தடுப்பணை எழுப்பப்பட்டது. கோடை மாதங்களில் அதன் கதவுகள் அடைக்கப்பட, ஏற்றவற்றம் கழுவிச்சென்ற காயல் தேங்கிய குட்டையாயிற்று. புண் நோயை அணை பெற்றெடுத்தது என்று சொல்ல முடியாது. நோய் எங்கிருந்தோ வந்தது. வந்ததற்கு இடம் கொடுத்த நீர்தான் மனிதர் கைவண்ணம். நோய் மனிதருக்குத் தொற்றாது என்று எத்தனை முறை அறிவித்தும் புண்பட்ட மீனைக் கண்டவர்கள் மீன் வாங்குவதையே நிறுத்தினர். உள்நாட்டு மீனவரின் வலையும், தலையில் கூடை சுமந்து வீடுவீடாய் விற்ற பெண்களின் அடுப்பும் ஒரே நாளில் ஓய்ந்தன. தடுப்பணைக் கதவை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்ற வழக்கு நெல் விவசாயிக்கும் மீனவருக்கும் இடையே இன்றும் ஆண்டுதோறும் எழுகிறது. உழைக்கும் இரு பிரிவினரை ஒரே மதகின் இருபுறமும் நிறுத்திவிட்டுத் திட்டம் தீட்டியவர்கள் ஒதுங்கிக்கொண்டனர்.

2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்துக்குப் பின் அதே புண் நோய் கேரள நீர்நிலைகளில் மீண்டும் பரவியது. இருபத்தேழு ஆண்டு அனுபவம் கைவசம் இருந்தும் முன்னெச்சரிக்கை ஏன் போதாமற்போயிற்று என்ற கேள்வியை இடது முன்னணி அரசும் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். தோழமை காரணமாக அக்கேள்வியை விழுங்கிவிட்டு ஒன்றிய அரசை மட்டும் குற்றம் சொன்னால் வாசகர் நம்பமாட்டார்.

ஒன்றிய அரசின் பங்கு என்ன என்பதை இனிப் பார்க்கலாம். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து உதவி வழங்க ஒன்றிய அரசு அறிவித்துள்ள பேரிடர்கள் பன்னிரண்டு: புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், ஆழிப்பேரலை, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனியும் குளிர் அலையும். வெப்ப அலைக்குக்கூட நெடுங்காலம் அதில் இடம் தரப்படவில்லை. பயிரைத் தின்னும் பூச்சிக்கு அங்கே இடம் உண்டு. மீனைத் தின்னும் பேனுக்கு இல்லை. வெள்ளம் குளத்தின் கரையை உடைத்தால் அதிகாரி வந்து அளக்கிறார். அதே வெள்ளம் விட்டுச்சென்ற பூசணம் ஆறு வாரம் கழித்துக் குளத்து மீன் அனைத்தையும் அரித்துத் தின்றால் அது ‘நோய்’, பராமரிப்புக் குறைவு, குட்டைக்காரரின் அறியாமை. கொன்றது ஒரே மழை. முதல் நாள் கொன்றால் பேரிடர், நாற்பதாம் நாள் கொன்றால் தனிமனிதரின் தவறு என்பது எந்த அறிவியல்? நிவாரணத்தைச் சுருக்குவதற்கென்றே வகுக்கப்பட்ட கணக்கியல் அது.

நோய்க் கண்காணிப்பு நடக்கவே இல்லையா என்றால், நடக்கிறது. நீர்வாழ் உயிரினங்களுக்கான தேசிய நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2013இல் தொடங்கியது. லக்னோவிலுள்ள தேசிய மீன் மரபு வள நிறுவனம் அதை ஒருங்கிணைக்கிறது. அதன் அறிவியலாளர்கள் பாராட்டுக்குரிய பணி செய்கின்றனர். அதன் இரண்டாம் கட்டத்துக்கு நாடு முழுமைக்கும் மூன்றாண்டுகளுக்கு ஒதுக்கப்பட்டது 33.78 கோடி ரூபாய். 2023 ஜூனில் மீன் நோயைத் தெரிவிக்க ஒரு கைபேசிச் செயலியும் வெளியிடப்பட்டது. செயலியில் படத்தை ஏற்றலாம். குட்டைக் கரைக்கு நுண்ணோக்கியோடு வந்து செவுளைக் கிள்ளிப் பார்க்கும் மீன்வளத் துறை ஊழியரை எந்தச் செயலியிலிருந்தும் இறக்கிக்கொள்ள முடியாது. அந்தப் பணியிடங்களை நிரப்பாமல் விட்டுவிட்டு, கைபேசியைக் காட்டி ‘டிஜிட்டல் இந்தியா’ என்கின்றனர்.

இந்த 33.78 கோடியை அதே அந்தமான் நிக்கோபார் நிர்வாகப் பகுதியின் தென்கோடியில் நடப்பதோடு வைத்துப் பார்க்க வேண்டும். கிரேட் நிக்கோபார் தீவில் சரக்குப் பெயர்ப்புத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் என்ற திட்டத்தின் தொடக்க மதிப்பீடே 72,000 கோடி ரூபாய். ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் மழைக்காடு அதற்காகக் கைமாறுகிறது. அரசின் கணக்குப்படியே ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள். ஷோம்பென் மக்களும் நிக்கோபாரியரும் வாழும் அத்தீவின் காட்டுக்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடுவார்களாம்! மலைச்சரிவின் காடுதான் மழைநீரை உறிஞ்சிவைத்துக் கோடையிலும் ஓடைக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறது. மழையின் முதல் வெள்ளம் சேறாக இறங்கி மீனின் செவுளை அடைக்காமல் காப்பதும் அதுவே. ஹரியானாவில் எத்தனை மரம் நட்டாலும் கலாத்தியா ஆற்றுக்கு ஒரு துளி நிழல் கிட்டாது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தெற்கு அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் முதலிய இடங்களில் நெல்வயல்மேல் கடல் ஏறி நின்றது, இன்றும் நிற்கிறது. வயலை இழந்தவருக்குக் குட்டை ஒன்றே கையிருப்பு என்ற நிலை அப்போது உருவாயிற்று. கடல் தந்த அடியிலிருந்து எழுந்தவரை வறட்சியும் பெருமழையும் ஒட்டுண்ணியும் மாறி மாறித் தாக்குகின்றன. பூமியின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் ஏறிய முதல் நாட்காட்டி ஆண்டு 2024. இந்தியாவில் 1901 முதலான பதிவுகளில் மிக வெப்பமானதும் அந்த ஆண்டே. அந்த வெப்பத்தை உண்டாக்கியதில் அந்தமான் குட்டைக்காரரின் பங்கு எவ்வளவு என்று எந்தச் செயலியும் கணக்கிட்டுக் காட்டுவதில்லை.

2020இல் 20,050 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் மீன்வளத் திட்டம் ஒரு தீர்வைக் கையில் வைத்திருக்கிறது: ஹெக்டேருக்குச் சராசரியாக 3 டன் கிடைக்கும் மீனை 5 டன் ஆக்குவது. மக்களுக்கு மீன் மிகுதியாகக் கிடைப்பதை யாரும் எதிர்க்கப்போவதில்லை. ஆனால் நீர் குறைந்து, வெப்பம் கூடி, நெரிசலே நோயின் தாயாகிவிட்ட காலத்தில், அதே நீரில் இன்னும் அதிகமாக மீனை அடை என்பதன் பொருள் என்ன? நெருக்கி அடைத்தால் பேன் பெருகும். பேன் பெருகினால் மருந்து ஊற்ற வேண்டும். வயலுக்கும் மாட்டுக்கும் விற்கும் பூச்சிக்கொல்லிகளே கெண்டைக் குளங்களில் கொட்டப்படுகின்றன. பேனுக்கு அவை பழகிப்போகும் அபாயம் உண்டு. நீரில் வாழும் சிறு நுண்ணுயிர்களோ மடிகின்றன. மீன்தீவனமும் மருந்தும் விற்கும் நிறுவனத்துக்கு நோய் வந்தாலும் இலாபம், வராவிட்டாலும் இலாபம். இழப்பு முழுவதும் குத்தகைக்காரர் தலையில்.

தமிழ்நாட்டின் ஏரிகளிலும் நிலைமை இதுவே. மீன்பாசி ஏலத்தில் யார் அதிகத் தொகை கேட்கிறாரோ அவருக்கு ஏரி. மீனவர் கூட்டுறவுச் சங்கம் அந்தத் தொகையை எட்ட முடியாத இடத்தில் பணமுள்ளவர் எடுக்கிறார். குத்தகைக் காலம் முடிவதற்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டிய அவசரத்தில் அளவுக்கு மீறி விரலிகளை விடுகிறார். ஏரியைத் தூர்வாருவதோ, கரையில் மரம் வளர்ப்பதோ, மழைக்கு முன் சுண்ணாம்பு தூவுவதோ அவர் கணக்கில் வராது. ஏரி அடுத்த குத்தகைக்காரருடையது அல்லவா!

இத்தனைக்கும் செய்யக்கூடியவை விலையுயர்ந்த வித்தைகள் அல்ல. மழைக்கு முன்னும் நீர் குளிரும் பருவத்துக்கு முன்னும் குளத்தில் சுண்ணாம்பு இட்டு அமிலத்தைத் தணித்தால் புண் நோயின் தீவிரம் குறையும். புவனேஸ்வரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் புண் நோய்க்கென்றே ‘சிஃபாக்ஸ்’ என்ற மருந்தை உருவாக்கியது. அது பொதுத்துறை ஆய்வின் விளைச்சல். குளத்தில் மூங்கில் கழிகளை நட்டுவைத்து, பேன் அவற்றில் முட்டையிட்ட பின் பிடுங்கி வெயிலில் காயப்போட்டால் ஒரு தலைமுறைப் பேன் கருகிப்போகும். இதற்கு எந்த நிறுவனத்தின் காப்புரிமையும் தேவையில்லை. ஆனால் எந்த வாரம் கழியைப் பிடுங்க வேண்டும் என்பதை நீரின் வெப்பம் தீர்மானிக்கிறது. வெப்பம் ஏறினால் பத்து நாள் தவறினாலே முட்டை பொரித்துவிடும். அதைச் சொல்லித்தர ஊரில் ஓர் ஆள் வேண்டும். விரலிகளைக் கப்பலிலோ விமானத்திலோ கொண்டுவரும்போது கூடவே வரும் பேனையும் புழுவையும் கரையிலேயே தடுத்துவைத்துச் சோதிக்க ஒரு கூடம் வேண்டும். 1978இல் நிறுவப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிலையம் தலைநகரில் இருக்கிறது. அதன் அறிவு சிற்றூர்க் குட்டை வரை நடந்துசெல்லக் கால்கள் வேண்டும்.

ஒட்டுண்ணியாலும் தொற்றாலும் விளையும் மீன் சாவு, வெள்ளமோ வறட்சியோ வெப்ப அலையோ வந்துபோன மூன்று மாதத்துக்குள் நிகழ்ந்தால் அதைப் பேரிடர் இழப்பாகவே கணக்கில் எடுக்க வேண்டும். பட்டா உள்ளவருக்கு மட்டுமன்றிக் குத்தகைக்கும் வாரத்துக்கும் மீன் வளர்ப்பவருக்கும், குளத்தில் வலையிழுக்கும் கூலிக்கும், மீன் விற்கும் பெண்களுக்கும் நிவாரணம் சேர வேண்டும். வட்டத்துக்கு ஒரு மீன் நோய் ஆய்வாளரை நிரந்தரப் பணியில் அமர்த்த வேண்டும். ஏரிகளின் மீன்பாசி உரிமையை ஏலத்தொகையைப் பாராமல் உள்ளூர் மீனவர் கூட்டுறவுகளுக்கு நீண்ட காலத்துக்கு வழங்க வேண்டும். அந்தமானில் அடுத்த மழை மே நடுவில் தொடங்கிவிடும். சிற்றூர்க் குட்டைகளுக்கான சுண்ணாம்பு மூட்டைகள் ஏப்ரலுக்குள் கப்பல் ஏறியாக வேண்டும்.